கேம்பருக்கும் கூடாரத்துக்கும் நடுவே

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை அடுத்தவர் வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. அமெரிக்காவில், கிழக்கு ஓரிகன் பாலைவனத்தில், ஐம்பது மைல் குதிரை ஓட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். உள்ளேயே படுக்கை போட்ட என் கேம்பர் வண்டிக்குப் பக்கத்தில் இன்னொரு கேம்பர். அதற்கு எதிரே, கல்லெறியும் தூரத்தில், ஒரு பழைய கூடாரம். இரண்டும் ஒரே புருஷன் பெண்டாட்டியுடையவை. (ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் குதிரைக்காரர்கள் முகாமில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை.)

2

சேஜ் புதர்களின் மேல் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தபோது வெர்னா தன்

வேண்டாம். சூரியன் இறங்காத குதிரைக் கதையே கிடையாது.

வெர்னா கூடாரத்தின் முளைகளை அடித்தாள். ஹாலிஸ் கேம்பர் வாசலில் ஊன்றுகோலோடு நின்று பார்த்தான். இது பரவாயில்லை.

இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஹாலிஸுக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் ஆயிற்று. தரையில் படுத்தால் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டும். குதிரையேற்றமும் அதோடு போயிற்று. அதனால்தான் கேம்பர் வாங்கினான். அவளோ தன் பெண்குதிரை மாக்பையின் வேலியை ஒட்டி, துணிச்சுவருக்குள்தான் படுப்பேன் என்கிறாள். குதிரை புல்லை மெல்லும் சத்தம் கேட்டால் தூங்குவாள், நின்றால் விழித்துக்கொள்வாள். எங்களில் பாதிப்பேர் அப்படித் தூங்கிப் பழகியவர்கள். மெல்லாத குதிரைக்கு வயிற்றுவலி. இல்லையென்றால் அது வேலியைத் தாண்டிப் போய்விட்டது என்று அர்த்தம்.

3

முதல் பிரதியில் ஹாலிஸைச் சொகுசுப் பேர்வழியாக எழுதியிருந்தேன். மெத்தை, ஹீட்டர், காபி இயந்திரம் எல்லாம் கொடுத்தேன். அப்படி எழுதினால் கூடாரம் ஜெயித்துவிடும். எனக்கும் அதுதான் ஆசை.

பிறகு ஒன்று இடித்தது. தண்ணீர்த் தொட்டியே உறையும் குளிரில் அவன் ஹீட்டரையும் போட்டு, கூடாரத்தைப் பார்த்த ஜன்னலையும் திறந்துவைக்கிறான். பாலைவனத்தையே குளிர்காய வைக்கிறாயா என்று எங்கள் குதிரை டாக்டர் மார்வின் கேலி செய்தார். ஹாலிஸ் சிரித்து மழுப்பினான். அவனுக்கென்று இப்போது குதிரை இல்லை. அப்புறம் எதற்காக அந்தப் பக்கம் காதை வைத்திருக்கிறான்?

வெர்னாவுக்குக் குளிரில் இருமல் வரும்.

(இது புரிந்ததும் கதை என் கையைவிட்டுப் போய்விட்டது.)

4

அந்தச் சாயங்காலம் சூப் ஆறிக்கொண்டிருக்க அவர்கள் பேசியதை அப்படியே தருகிறேன்.

"மாக்பைய வண்டியோட கட்டேன். அவ புல்லை இழுத்தா மெத்தையே ஆடும். உள்ள இருந்தே உனக்குத் தெரியும்" என்றான் ஹாலிஸ்.

"கட்டினா விடியிறவரைக்கும் கால் மாத்தி மாத்தி நிப்பா. காலையில அம்பது மைல் யாரு ஓடுறது, நீயா?"

அவன் சூப்பைக் கலக்கினான். "அடுத்த தடவ நான் வரல வெர்னா. நீ போயிட்டு வா. இங்க ஜன்னல் வழியா உன்ன நினைச்சுக்கிட்டு கிடக்கிறதுக்கு, வீட்டுலயே கிடந்து நினைச்சுக்கிறேன்."

"குதிரைக்காகத்தான் தரையில படுக்குறேன்னு நினைச்சியா?" வெர்னா கேட்டாள். "இன்னும் ரெண்டு பேருக்கும்தான் விரிக்கிறேன். உன் பக்கம் அப்படியே இருக்கு."

5

முடிவு ஒன்று: வெர்னா கேம்பருக்குள் போகிறாள், விடிந்து பார்த்தால் மாக்பை வேலியில் இல்லை. புருஷனிடம் போன குற்றத்துக்கு ஒருத்தியைத் தண்டிப்பதா? கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: ஹாலிஸ் ஊன்றுகோலை எறிந்துவிட்டுக் கூடாரத்துக்குள் தவழ்கிறான். எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. மார்வினிடம் படித்துக் காட்டினேன்.

"எழுதுறவங்களுக்கு இடுப்பு வலிக்காதுல்ல" என்றார்.

முடிவு மூன்று: மாக்பை ஐம்பது மைலையும் முடிக்கிறாள், கடைசிச் சோதனையில் அவள் நாடித்துடிப்பு சரியாக இறங்குகிறது, டாக்டர் தலையசைக்கிறார், எல்லோரும் கைதட்ட

ஓட்டம் முடிந்ததால் யார் எங்கே படுப்பது என்பது முடிவாகிவிடுமா?

6

நடந்தது இதுதான். உன் பக்கம் அப்படியே இருக்கு என்று வெர்னா சொன்னதும் நான் எழுந்து என் ஜன்னலைச் சாத்திவிட்டேன். ஒட்டுக்கேட்பவளுக்கும் ஓர் எல்லை உண்டு. காலையில் ஹாலிஸ் கடிவாளத்தைப் பிடித்துக்கொள்ள, அவள் ஏறினாள். இரண்டு பேரும் சரியாகத் தூங்கவில்லை என்று மட்டும் முகத்தில் தெரிந்தது. எங்கே தூங்கவில்லை என்று தெரியவில்லை.

நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். கூடாரமோ கேம்பரோ, உங்கள் இஷ்டம். ஒரே இடத்தில் படுக்கவையுங்கள் என்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் இதை விடாதீர்கள். என் கேம்பரில் இருப்பது அகலமான மெத்தை. என் புருஷன் ஆர்லோ செத்துப்போன பிறகும் நான் அதில் சுவரோரமாக ஒடுங்கித்தான் படுக்கிறேன்.