சாவு வீட்டுக்குக் கேட்ட கிதார்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவனுக்கு லீவு கிடைத்தால் உடம்பைக் கிடத்தத்தான் தோன்றும். தங்கவேல் மட்டும் மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய கிதாரைத் தூக்கிக்கொண்டு, பருத்திப்பட்டு ஏரிக்கு மேற்கே இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவான். சேரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஹெட்மாஸ்டர் ஜானகிராமன் எட்டாம் வகுப்பு அறையை விட்டிருந்தார். ஒரே கிதார், பிள்ளைகள் முறை வைத்து வாசித்தார்கள். ஆண்டு விழாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிப்பது என்று பேச்சு. அந்த நாற்காலியை மன்றாடிக் கேட்டு வாங்கியவன் தங்கவேல்தான். அவன் அப்பனோ, சாகிற வரைக்கும் ஊர்ப் பெரியதனக்காரர் மணவாளன் வீட்டு வாசலில் நின்றுதான் பறையடித்தான்.

"நல்லா அமுத்து பேபி. வாயப்பயமா அது? கம்பி."

"வெரலு எரிது சார்" என்று பேபி கையை உதறினாள்.

"தோலு காச்சிப்போனா அப்பால எரியாது."

வாசலை மறைத்துக்கொண்டு மணவாளன் வந்து நின்றார். கூடவே அவர் தம்பி வீரராகவனும் இரண்டு ஆட்களும். அவர்கள் அம்மா விடியலில் செத்த சேதி ஊருக்கே தெரியும். சேரியில் பறையடித்தவர்களோ, ஃபாக்டரி வேலைக்குப் போனதும் பறையின் தோலைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள்.

"பாடை கட்டியாச்சி. மேளம் இல்லாம கெழவிய தூக்கணுமா? பசங்கள இட்டுகினு வாடா. இந்தப் பொட்டியத் தட்டிகினு முன்னால நடங்க."

"இது சாவுக்கு வாசிக்கறது இல்லீங்க."

"கம்பி கட்டிட்டா பொறப்பு மாறிடுமாடா?"

"மாறாது. வாசிக்கவும் மாட்டாங்க. போய் வாங்க."

மணவாளன் கன்னத்தில் அறைந்தார். தங்கவேல் பெஞ்சோடு சாய்ந்தான். வாயெல்லாம் உப்புக் கரித்தது. அதற்குள் வீரராகவன் பேபியின் சடையைப் பிடித்துக் கிதாரோடு சேர்த்து இழுத்தான்.

"நீ வாடி. பொட்டப்புள்ள வாசிச்சா கும்பல் கூடும்."

நாலு பேரை அடித்து விரட்டத் தன்னால் ஆகாது என்று தங்கவேலுக்குத் தெரியும். பேபியை விடுவித்தால் இன்னொரு பிள்ளையை இழுப்பார்கள். கிதார் இருக்கிற வரைக்கும் இழுப்பார்கள். எழுந்தவன் கிதாரைப் பிடுங்கினான். அதன் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து வீரராகவன் மண்டையில் இறக்கினான். பலகை பிளந்தது. சடையை விட்டுவிட்டு வீரராகவன் உட்கார்ந்தான். மிச்சத்தைத் தங்கவேல் சுவரில் அடித்துச் சிதறடித்தான்.

"இப்ப இன்னாத்த வாசிப்பீங்க? பொறுக்கிகினு போய் சிதையில போடுங்க. நல்லா எரியும்."

அப்புறம் அவனை அடித்தது அடியா? நெல்லடிக்கிற மாதிரி அடித்தார்கள். ஆட்கள் அவன் இடது கையைக் கதவு இடுக்கில் வைத்துப் பிடித்துக்கொள்ள, மணவாளன் கதவை உதைத்தார். விறகு முறிகிற சத்தம். பிள்ளைகள் கத்தினார்கள். ஜானகிராமன் தாழ்வாரத்தில் நின்று "ஐயா, வேணாங்க ஐயா" என்றார், உள்ளே வரவில்லை.

அவர்கள் போய் வெகுநேரம் கழித்து ரோட்டில் காலடிச் சத்தம் கேட்டது. பேபி ஜன்னலில் ஏறிப் பார்த்தாள்.

"சார், பொணம் போவுது. மேளம் இல்ல, ஒண்ணும் இல்ல. கம்முனு போறாங்க."

தரையில் கிடந்த தங்கவேலால் ஒரு கண்ணைத்தான் திறக்க முடிந்தது.

"வீரராகவன் கீறானா?"

"முன்னால தோள் குடுத்துகினு போறாரு. தலையில துண்டு கட்டிகினு கீறாரு சார். செவப்பா கீது."

தங்கவேலுக்குச் சிரிப்பு வந்தது. விலா குத்தியதில் அது இருமலாகி, ரத்தமாக வெளியே வந்தது.