தள்ளி வச்ச தேதி

என் வீட்டுக்காரர் மலையாண்டி குறட்டை விட்டா ஓட்டு வீடே அதிரும். பால் சொசைட்டியில வேலை. பாலை அளந்துக்கிட்டே பட்டப்பகல்ல தூங்கி விழுவாரு. ஊரே கேலி பண்ணும். நானும் சும்மா இருக்கல, சோம்பேறின்னு வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கேன். என் நாக்கு அழுக.

விடிஞ்சா மண்டையிடின்னு சொல்லவும், உசிலம்பட்டி டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனேன். குறட்டை நடுவுல நிக்குமான்னு கேட்டாங்க. நின்னாத்தானே நான் கண்ணசருறதுன்னு சிரிச்சேன். அந்தம்மா சிரிக்கல.

"அப்ப அவருக்கு மூச்சும் நின்னுருதும்மா."

தூக்கத்துல தொண்டை அடைச்சுக்கிடுதாம். மூச்சு முட்டி முட்டி ராத்திரி பூரா முழிக்கிறது அவருக்கே தெரியாதாம். அதான் பகல்ல தூக்கம், காலையில தலைவலி. மதுரையில ஒரு ராத்திரி தங்கி, உடம்புல வயரை மாட்டிப் பாக்கணும், அதுவரைக்கும் மல்லாக்கப் படுக்க விடாதீங்கன்னு சொல்லி, தேதியும் வாங்கிக் குடுத்தாங்க. அன்னையில இருந்து சத்தம் நின்னா முழங்கையால ஒரு இடி இடிப்பேன். திரும்பிப் படுப்பாரு, மூச்சு வரும்.

அந்தத் தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி எங்க ஊர்ல சாமிக்குக் காப்புக் கட்டு வந்துருச்சு. கட்டுனவுக எட்டு நாளைக்கு ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. கோயில் கொட்டகையிலதான் படுக்கை. இந்த வருசம் வேண்டாம்னு ஒத்தக்கால்ல நின்னேன். அப்பா காலத்துல இருந்து காப்புக் கட்டுற குடும்பம், குறட்டைக்காக விடச் சொல்றியான்னு கத்துனாரு. நானும் சாமிக்குப் பயந்து, ஆஸ்பத்திரிக்குப் போனைப் போட்டுத் தேதியைத் தள்ளி வச்சேன். தள்ளுனது நான்தான்.

கொட்டகையில அவருக்குப் பக்கத்துல படுத்தது சோணை அண்ணன். சத்தம் நின்னா இடிச்சு விடுங்கண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திருவிழா நேரத்துல அவரைக் கேலிக்கு ஆளாக்கணுமான்னு இருந்துட்டேன். தெரு முக்கு வரைக்கும் கேக்குற என் வாயி, அன்னைக்குன்னு மூடிக்கிருச்சு. அது மட்டுமா, பல வருசம் கழிச்சு நானும் அவரு கொட்டகையில படுத்த ராத்திரியெல்லாம் வீட்டுல நிம்மதியாத் தூங்குனேன். அதைத்தான் இப்ப நெஞ்சு தாங்கல.

ஏழாம் நாள் விடியக்காலை சோணை அண்ணன் வாசல்ல வந்து நின்னாரு.

"சத்தமே இல்ல தாயி. இன்னைக்காச்சும் நல்லாத் தூங்குறாருன்னு விட்டுட்டேன்."

ஓடிப் போய்ப் பாத்தேன். மல்லாக்கக் கிடந்தாரு. தீட்டாகிரும்னு கோயில் ஆளுக மொதல்ல அவரு கையில இருந்த காப்பைத்தான் அறுத்தாக.

கருமாதி முடிஞ்ச மறுநாள் ஆஸ்பத்திரியில இருந்து ஒரு பொண்ணு பேசுச்சு. நாளைக்குத் தேதியாம், சாயங்காலம் ஏழு மணிக்கு வந்துரணுமாம், கூட ஒரு ஆள் தங்கலாமாம்.

வாரோம்மான்னு சொல்லிட்டேன்.