காணவில்லை: அருளானந்தம், வயது பதினான்கு

புதுச்சேரி உப்பளம் கல்லறையில் இருந்த பழைய சிமெண்டுச் சிலுவை ஆகஸ்ட் மழையில் இரண்டாக உடைந்து விழுந்தது. அதற்கடியில் அருளானந்தத்தின் அம்மாவும் அப்பாவும் ஒரே குழியில் அடக்கமாகியிருந்தார்கள். புதிதாகக் கருங்கல் பதித்துவிடலாம் என்று முடிவானது. கல்வெட்டும் இராமதாஸ், நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்குள் முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டு, என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். அருளானந்தம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதில் இருந்தது ஒரே பெயர்: மதலேனம்மாள்.

"அப்பா, தாத்தாவும் அங்கதான படுத்திருக்காரு" என்றான் மகன் விக்டர்.

"படுத்திருக்கட்டும். யாரு எழுப்புனாங்க? பேரு எதுக்கு?"

விக்டர் அதோடு விட்டுவிட்டான். அவன் மனைவி ரூபியால் அப்படி விட முடியவில்லை. கல்யாணமாகி வந்த பன்னிரண்டு வருடமாக அவள் ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் பார்க்கிற காட்சிதான். மாமனார், குழியில் அம்மாவுக்கென்று வலது பக்கம் மட்டும் பூ வைப்பார், மெழுகுவர்த்தி ஏற்றுவார். இடது பக்கம் காய்ந்த இலை கிடந்தால்கூட எடுக்க மாட்டார். சிரித்த முகம், தெருவில் போகிற நாயைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மனிதர். அந்த ஒரு சாண் மண்ணுக்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஐம்பத்தாறாம் வருடம் ஜூலையில், பதினாலு வயது அருளானந்தம் வீட்டைவிட்டு ஓடிப்போனார். பிரெஞ்சுப் பள்ளியின் செர்த்திஃபிகா பரீட்சையில், அதுவும் பிரெஞ்சுப் பாடத்திலேயே, தோற்றிருந்தார். ரயிலேறி மெட்ராஸ் போய், பாரிமுனையில் ஒரு டீக்கடையில் சேர்ந்தார். பழைய பேப்பரை பஜ்ஜி மடிக்கத் தோதாகக் கிழித்து அடுக்குவது அவர் வேலை.

"கிழிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பேப்பர்லயும் 'காணவில்லை' பார்ப்பேன். எட்டு மாசம், ஒரு நாள் விடல" என்பார். "தஞ்சாவூர் ராமநாதன், பன்னெண்டு வயசு, தாயார் அன்ன ஆகாரமில்லாமல் இருக்கிறாள். செங்கல்பட்டு குப்புசாமி, மாறுகண், உடனே வரவும். மாறுகண்ணனைக்கூடத் தேடுனாங்கம்மா. என்னத்தான் யாரும் தேடல."

எட்டு மாதம் கழித்து, அம்மா வைக்கிற மீன் குழம்பின் நினைப்புத் தாங்காமல் தானாகவே திரும்பி வந்தார். வாசலில் நின்ற மகனைப் பார்த்து, மில்லில் ஃபிட்டராக இருந்த அப்பா சவரிமுத்து சொன்னது ஒரே சொல். "சாப்பிடு." அதோடு சரி. எங்கே போனாய், ஏன் போனாய், எப்படி இருந்தாய், ஒன்றும் கிடையாது. சாகும்வரை கேட்கவில்லை.

"அப்பா பேப்பர்ல போட்டாருன்னு உங்க அம்மா சொன்னாங்கன்னு சொல்லியிருக்கீங்களே?" என்று கேட்டாள் ரூபி.

"அம்மான்னா அப்படித்தான் சொல்லுவாங்க. வீடு நல்லா இருக்கணுமில்ல."

"நாளைக்கு நீங்களும் அதே குழிக்குத்தான போகணும் மாமா? பேசாத ஆள் மேல எப்படிப் படுப்பீங்க?"

அருளானந்தம் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டால் அவரால் கோபத்தைப் பிடித்துவைக்க முடியாது. "சரி. அவரு பேப்பர்ல போட்டாருன்னு எனக்குக் காட்டு. கல்லுல போட்டுடறேன்."

லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ரூபிக்கு சனிக்கிழமை விடுமுறை. அடுத்த சனிக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, பழைய பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாக பைண்டு செய்து வைத்திருக்கும் நூலகத்துக்குப் போனாள். அங்கே பொறுப்பில் இருந்த மேனகா ஒரு முகக்கவசத்தை நீட்டினாள். "கொரோனா மிச்சம். தும்மினீங்கன்னா ஒரு வருஷமே பறந்துடும்."

ஐம்பத்தாறாம் வருடம் மேசைமேல் ஒரு கிழ எருமைபோலப் படுத்திருந்தது. தாள்கள் அப்பளம்போல உடையப் பார்த்தன. ரூபி இரண்டு விரலால் மெல்லப் புரட்டினாள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். சைக்கிள் திருடன் பிடிபட்டான். மார்க்கெட்டில் காளை மிரண்டு துணிக்கடைக்குள் புகுந்தது. ஒருவர் தன் கைக்கடிகாரம் கடற்கரையில் தொலைந்ததாகவும், அது எப்போதும் பத்து நிமிடம் பிந்தியே ஓடும் என்றும் அறிவித்திருந்தார். வாசிக்க வாசிக்க, வெளியே போனால் அந்த ஊரில்தான் காலை வைப்போம் என்று தோன்றியது. ஆனால் அருளானந்தம் அதில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்பார். "இன்னா படம் ஓடுது அங்க?"

"காளை துணிக்கடைக்குள்ள பூந்துடுச்சாம் மாமா."

"அது எனக்குத் தெரியும். ஓடறதுக்கு முந்தின வாரம், நான் பார்த்தேன்." சற்றுப் பொறுத்து, "வேற?" என்பார்.

"வேற ஒண்ணுமில்ல."

"நான்தான் சொன்னேனே" என்று டிவியைச் சத்தமாக வைப்பார்.

ஐந்து சனிக்கிழமைகள் போயின. புதுச்சேரியில் விற்ற தமிழ்ப் பத்திரிகைகள் எல்லாம் முடிந்தன. இராமதாஸ் இரண்டு முறை போன் செய்துவிட்டார். அடுத்த வார வியாழக்கிழமை உளியை எடுத்தால்தான் திருநாளுக்குள் முடியும் என்றார். ஆறாவது சனிக்கிழமை ரூபி வெறுங்கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, மேனகா கட்டுகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அடியில இருக்கிறது இன்னா?"

"பிரெஞ்சு வாரப் பத்திரிகை. இந்த ஊர்லதான் அச்சடிச்சாங்க. யாரும் கேக்கறதில்ல."

"மில் ஃபிட்டர் எங்க பிரெஞ்சுல போடப் போறாரு?" என்று ரூபி பையைத் தோளில் மாட்டினாள். கதவுவரை போனவள் நின்றாள். வீட்டு பீரோவில் சவரிமுத்துவின் காகிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. ஞானஸ்நானச் சான்று, கல்யாணப் பத்திரம், மில் கொடுத்த வேலைக் கடிதம். எல்லாமே பிரெஞ்சில்தான். கையெழுத்துப் போட மட்டும் தெரிந்த மனிதருக்கு, வாழ்க்கையில் முக்கியமான எதுவும் தமிழில் வந்து சேர்ந்ததே இல்லை.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். 

ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே இருந்தது. கடைசிப் பக்கத்தின் மூலையில், ஒரு தீப்பெட்டி அளவுக் கட்டத்துக்குள், சவரிமுத்து, அருளானந்தம் என்ற இரண்டு பெயர்கள். அடுத்த வாரமும் இருந்தது. அதற்கடுத்த வாரமும். மொத்தம் ஏழு. ஒவ்வொரு முறையும் கட்டம் ஒரு வரி வளர்ந்திருந்தது.

மேனகா தன் போனை எடுத்தாள். "படம் பிடிச்சா அதுவே தமிழ்ல சொல்லிடும்."

"வேணாம்" என்றாள் ரூபி. "அவருக்கு வந்தது. அவரே பிரிக்கட்டும்." ஏழையும் நகலெடுத்துக்கொண்டு ஸ்கூட்டரை விரட்டினாள்.

ஏழு தாள்களும் சாப்பாட்டு மேசையில் வரிசையாகக் கிடந்தன. அருளானந்தம் வெகுநேரம் தொடவே இல்லை. பிறகு முதல் தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார்.

"பிரெஞ்சு" என்றார். பிறகு அடுத்த தாளையும் பார்த்துவிட்டு, "பிரெஞ்சுலயா போட்டாரு?"

விக்டரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பிரெஞ்சுல ஃபெயிலாகி ஓடினவர பிரெஞ்சுலயே தேடியிருக்காரு தாத்தா."

"சும்மா இருடா. பையன் பிரெஞ்சு படிக்கிறான், அவனுக்குப் புரியும்னு நெனச்சிருப்பாரு. நான் படிச்ச லட்சணம் அவருக்கு எங்க தெரியும்?"

விரலை வைத்து எழுத்துக் கூட்டினார். முதல் வாரம் பெயரும் வயதும் மட்டும். இரண்டாம் வாரம், மெலிந்த உடம்பு. மூன்றாம் வாரத்தில் ஒரு சொல் தட்டியது. "ஒரேய்... ஒரேய்னா இன்னாடா?"

விக்டர் போனில் பார்த்தான். "காது. பெரிய காதாம்பா."

அருளானந்தம் தன் இரண்டு காதையும் தொட்டுப் பார்த்தார். "ஊரு பூரா சொல்லியிருக்காரு."

நான்காம் வாரம், இடது முழங்காலில் தழும்பு. "அது அவருக்குத் தெரியுமா?" என்று வேட்டியைத் தூக்கி அவரே ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஐந்தாம் வாரம், மீன் இல்லாமல் சாப்பிட மாட்டான். ஆறாம் வாரம், கண்டவர்கள் அவனை அடிக்க வேண்டாம். கட்டம் நிறைந்துகொண்டே வந்தது. ஒரு பேசாத மனிதர், மனுவெழுதுகிற யாரோ ஒருவர் எதிரில் வாராவாரம் போய் உட்கார்ந்து, ஒரு வாரம் முழுக்க யோசித்ததைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார் என்று ரூபிக்குத் தோன்றியது.

ஏழாவது தாளில் கடைசி வரி புதியது. அருளானந்தம் அதை மனதுக்குள் ஒருமுறை படித்தார். திரும்பவும் படித்தார். ரூபியும் விக்டரும் காத்திருந்தார்கள்.

"பரீட்சையைப் பற்றி" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பரீட்சையைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்."

சமையலறையில் குக்கர் இரண்டு விசில் விட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"அதான் கேக்கல" என்றார் அருளானந்தம். "சொன்ன சொல்லு காப்பாத்தியிருக்காரு. சாகற வரைக்கும்." பிறகு மகனைப் பார்த்தார். "அந்த இராமதாசுக்கு ஒரு போனைப் போடு. சனிக்கிழமை ராத்திரின்னா எடுப்பானா மாட்டானா?"

இராமதாஸ் எடுத்தார். சவரிமுத்து என்ற பெயரை அருளானந்தம் மூன்று முறை எழுத்தெழுத்தாகச் சொன்னார். இரண்டு பெயரும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்றார். போனை வைத்துவிட்டு மறுபடி எடுத்து, அப்பா பெயர் ஒரு நூல் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை என்றார்.

நவம்பர் இரண்டாம் தேதி உப்பளத்தில் சாமந்தியும் மெழுகு வாசனையும் கூட்டமும் நிறைந்திருந்தன. புதுக்கல் ஈரமாக மின்னியது. ரூபி இரண்டு பக்கமும் பூவைப் பிரித்து வைத்தாள். அருளானந்தம் வழக்கப்படி அம்மா பக்கம் மெழுகுவர்த்தியை ஏற்றினார். இன்னொன்றை இடது பக்கம் நட்டு, காற்றுக்குக் கையைக் குவித்து, மூன்றாவது தீக்குச்சியில் பற்றவைத்தார். பிறகு, பக்கத்துக் கல்லறைக்காரர்களுக்குக் கேட்காதபடி குனிந்தார். ரூபிக்குக் கேட்டது.

"கணக்குல பாஸ்தாம்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "சரித்திரத்துலயும் பாஸ்தான். பிரெஞ்சுலதான் ரெண்டு மார்க்குல போயிடுச்சு."