மடைக்காரருக்கு மண்

சாவு வீட்டுக்கென்று என் போனில் மூன்று பிரசங்கக் குறிப்புகள் இருந்தன. பிஷ்கெக்கில் ஊழியப் பயிற்சி முடிந்த அன்று ஒரு பெரிய கோப்பாகக் கொடுத்து அனுப்பினார்கள். கல்யாணம், ஞானஸ்நானம், சாவு, எல்லாவற்றுக்கும் அதில் குறிப்பு உண்டு. வசனம், மூன்று பகுதி, கடைசியில் மனந்திரும்ப ஓர் அழைப்பு. எனக்கு அது முதல் அடக்கம். தலாஸிலிருந்து காரில் வரும் வழியெல்லாம் இரண்டாவது குறிப்பை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"எல்தியார், மூணாவது பாயிண்ட் ரொம்ப இழுக்குதுடா. வெயில்ல நிக்கிறவன் பொணத்துக்குப் பக்கத்துலயே விழுந்துடுவான்" என்றார் மீஷா அண்ணன். எங்கள் சபையின் மூப்பர் அவர். பேக்கரி வைத்திருக்கிறார், காரே ரொட்டி வாசம் அடிக்கும்.

"அதுலதாண்ணே சுவிசேஷமே இருக்கு."

"அப்போ அதை முதல்ல சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

இறந்தவர் தோரோன்பெக் அண்ணன். நாங்கள் போய்க்கொண்டிருந்த கிராமத்தின் மடைக்காரர். மேல் வாய்க்காலிலிருந்து யார் பீன்ஸ் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்துத் திறந்துவிடுகிறவர். ஆறு வருடத்துக்கு முன் அவரும் அவர் மனைவி புருல்சா அக்காவும் இயேசுவை ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஊரில் பாதிப் பேர் அவர்களுக்கு சலாம் சொல்வதில்லை. இதயம் நின்றுபோனது தலாஸ் ஆஸ்பத்திரியில். அக்கா மாடு கறக்க ஊருக்குப் போயிருந்தார். அந்தக் கடைசி ராத்திரி கூட இருந்தது நான் மட்டும்தான்.

முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே பெண்களின் ஒப்பாரி. வெளியே ஆண்கள் துக்கத்துக்கு அடையாளமாக இடுப்பில் துணி கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் காரிலிருந்து இறங்கியதுமே பேச்சு நின்றது. வாசலில் நின்ற பெரியவர் என் தோளைப் பிடித்தார். தோரோன்பெக்கின் அண்ணன், சகினாலி.

"நீதானே அந்தப் பிரசங்கி?"

"ஆமாண்ணே. உங்க துக்கத்துல நாங்களும்..."

"துக்கத்தை அப்புறம் பார்த்துக்கலாம். இப்படி வா."

வைக்கோல் போருக்குப் பின்னால் கூட்டிப் போனார். அங்கே நூர்மத் முல்லா நின்றுகொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை, தூக்கம் கெட்ட களைப்புதான் இருந்தது.

"மையவாடி வாசல்ல கச்கின் அவன் டிராக்டரைக் குறுக்கே நிறுத்தி வச்சிருக்கான்" என்றார் சகினாலி. "குழி வெட்டப் போனவங்களைத் திருப்பி அனுப்பிட்டான். பசங்க எல்லாம் அவன் பக்கம்."

"மார்க்கத்தை விட்டுப் போனவனுக்கு நான் ஜனாஸா தொழ வைக்க முடியாது தம்பி" என்றார் முல்லா. "திரும்பி வந்தவன்னா முடியும்."

சகினாலி என் பக்கம் குனிந்தார். "கடைசியில நீ ஒருத்தன்தான் இருந்தே. 'கலிமா சொல்லித்தான் கண்ணை மூடினார், என் காதால கேட்டேன்'னு எல்லாருக்கும் முன்னாடி சொல்லு. ஒரே வரி. இவர் தொழ வைப்பார், டிராக்டர் நகரும், என் தம்பி அவன் பொண்ணுக்குப் பக்கத்துல படுப்பான்."

"சொல்லலைன்னா?"

"தலாஸுக்குத் தூக்கிட்டுப் போ. ரஷ்யாக்காரங்க கல்லறையில போட்டுக்க. எங்க அப்பன் தாத்தன் யாரும் இல்லாத இடத்துல."

மகள் ஐச்சுரோக் ஒன்பது வயதில் காய்ச்சலில் போனவள். அந்த மையவாடிக் குன்றின் மேல்தான் கிடக்கிறாள். அது எனக்கும் தெரியும்.

நான் கூடாரத்தின் பின்பக்கமாகப் போய்க் குனிந்தேன். புருல்சா அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழும் இடம் அதற்கு நேர் உள்ளேதான்.

"அக்கா, நான் எல்தியார்."

ஒப்பாரி ஒரு நொடி நின்றது. "எல்லாம் கேட்டுது. பெரியத்தான் ரகசியம் பேசினா மலை வரைக்கும் கேக்கும்."

"நான் என்ன சொல்லட்டும்?"

"பொய் சொல்லாதே. அந்தப் பேரை விடாததுக்குத்தான் ஆறு வருஷம் இந்த ஊர் அவர் முகத்தைப் பார்க்கல. செத்த பிறகு நீ அதைப் பிடுங்கிடாதே."

"சரிக்கா. அப்போ தலாஸுக்கே..."

"அங்கயும் கொண்டு போகாதே!" கம்பளிக்கு அந்தப் பக்கம் குரல் உடைந்தது. "புள்ளை அங்க தனியா கிடக்கு."

"ரெண்டும் எப்படிக்கா முடியும்?"

"எனக்கென்ன தெரியும்? பிரசங்கி நீதானே."

உடலைக் கம்பளத்தில் சுற்றி முற்றத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பெண்கள் மையவாடிக்கு வர மாட்டார்கள், அவர்களுக்கு இதுதான் கடைசிப் பார்வை. கூட்டம் முன்னால் நகர்ந்தது. மீஷா அண்ணன் என் காதில், "வண்டியைத் திருப்பி நிறுத்தட்டுமா?" என்றார். சகினாலி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே வரிதானே என்று நினைத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? அக்கா நிம்மதியாக இருப்பார். அந்த வரி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"என் பேர் எல்தியார்" என்றேன். "தோரோன்பெக் அண்ணன் சாகும்போது நான் பக்கத்துல இருந்தேன். அவர் கலிமா சொல்லல. இயேசுவைக் கூப்பிட்டுக்கிட்டேதான் போனார். அவரை இங்க கிடத்திட்டு நான் பொய் சொல்ல முடியாது."

"கேட்டீங்களா?" கூட்டத்திலிருந்து ஒரு தடித்த ஆள் பாய்ந்து வந்தான். அவன்தான் கச்கின். "இவன் வாயாலேயே ஒத்துக்கிட்டான்! தூக்குங்கடா, அவங்க வண்டியிலயே ஏத்துங்க!"

இரண்டு பையன்கள் கம்பளத்தின் முனையைப் பிடித்தார்கள். மீஷா அண்ணன் நடுவில் போய் நின்றார். எங்கிருந்தோ வந்த ஒரு மண்ணாங்கட்டி அவர் முதுகில் பட்டு உதிர்ந்தது. சகினாலி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போனில் இருந்த மூன்று குறிப்பில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. என்ன வந்ததென்றால், எங்கள் கிர்கிஸ் சாவு வீடுகளில் எல்லாம் உடலைத் தூக்கும் முன் முல்லா கேட்கும் ஒரு கேள்வி. 'இவர் எப்படிப்பட்ட மனுஷர்?' கூட்டம் உடனே ஒரே குரலில் 'நல்ல மனுஷன்' என்று சொல்லும். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது. பயிற்சியில் அதை விட்டுவிடச் சொல்லியிருந்தார்கள். ஊர் கொடுக்கும் நல்ல பேரால் யாரும் இரட்சிக்கப்படுவதில்லை, நம் அடக்கத்தில் அந்தக் கேள்வி வேண்டாம் என்று. நானும் தலையாட்டியவன்தான்.

"நில்லுங்க!" என்றேன். "இந்த இடத்துல நாம ஒரு கேள்வி கேப்போமே, அதை இன்னும் யாரும் கேக்கல. நான் கேக்கறேன்."

"நீ யார்ரா கேக்க?" என்றான் கச்கின்.

"நானும் கிர்கிஸ்காரன்தாண்ணே. எங்க அப்பா சாவுலயும் கேட்டாங்க." கம்பளத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "உங்க பதில் இவரைச் சொர்க்கத்துல சேர்க்கும்னு நான் நம்பல. இவரும் நம்பல. நாம யாருமே நல்லவனா இருந்து தேவன்கிட்ட போக முடியாது, இயேசு நமக்காகச் செத்த கிருபையாலதான் போக முடியும்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தார். அதனால சொர்க்கத்தை நான் உங்ககிட்ட கேக்கல. மண்ணைத்தான் கேக்கறேன். சொல்லுங்க. தோரோன்பெக் எப்படிப்பட்ட மனுஷன்?"

யாரும் வாய் திறக்கவில்லை.

அந்தக் கேள்விக்கு ஊர் பேசாமல் நின்று நான் பார்த்ததே இல்லை. அதைவிட ஒரு சாபம் கிடையாது. தேநீர் சமோவார் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கூடாரத்துக்குள் ஒப்பாரியும் நின்றுவிட்டது. அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறார். ஐயோ, இதை ஏன் கேட்டோம் என்று இருந்தது.

"நான் சொல்றேன்" என்றான் கச்கின்.

"போன வருஷம் ஒரு கடாவைக் கொண்டுபோய் இந்த ஆள் வீட்டுல கட்டினேன். முறைக்கு முன்னாடி எனக்கு மடையைத் திறந்து விடச் சொல்லி. முன்னெல்லாம் வாங்குவான், எல்லாருக்கும் தெரியும். மறுநாள் பார்த்தா கடா என் வாசல்ல நிக்குது." யாரோ சிரித்தார்கள். "என்ன சிரிப்பு? உன் ஆடும்தான் திரும்பி வந்துது. என் பீன்ஸ் பாதி காஞ்சு போச்சு. மண்டையை உடைக்கிறதுன்னு மண்வெட்டியோட போனேன். போற வழியில இவன் வயலைப் பார்த்தேன். முழுசும் காஞ்சு கிடந்துது. தன் முறையைக் கடைசியில வச்சிருந்தான், கடைசிக்குத் தண்ணியே வரல. ஏன்யா இப்படின்னு கேட்டேன். 'என் வயல் மத்தவங்க தண்ணியை நிறைய வருஷம் குடிச்சிருக்கு'ன்னான்."

கச்கின் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினான்.

"அவன் போன வழி தப்புதான். இப்பவும் அதைத்தான் சொல்வேன். ஆனா இந்தக் கேள்விக்கு மட்டும் பொய் சொல்லக் கூடாது." கம்பளத்தைப் பார்த்தான். "நல்ல மனுஷன்."

பின்னாலிருந்து இன்னொரு குரல், "நல்ல மனுஷன்." அப்புறம் மூன்று நான்கு பேர். எல்லோரும் இல்லை. பலர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் முனையைப் பிடித்திருந்த பையன்கள் கையை எடுத்துவிட்டார்கள்.

முல்லா முன்னால் வந்தார். "ஜனாஸா நான் தொழ வைக்க மாட்டேன். அல்லாவுக்கு நான் பதில் சொல்லணும். ஆனா ஊர்க்காரங்க நல்ல மனுஷன்னு சொன்னவனுக்கு மண்ணு இல்லைன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. பொண்ணுக்குப் பக்கத்துல வைங்க." என்னைப் பார்த்தார். "தம்பி, குன்னு மேல நீ பிரசங்கம் பண்ணக் கூடாது. பாட்டும் கூடாது. சம்மதமா?"

கடைசி அழைப்போடு ஒரு முழுப் பிரசங்கம் என் சட்டைப்பையில் இருந்தது. "சம்மதம்" என்றேன்.

"மூணாவது பாயிண்ட்டைத்தான் சொல்லிட்டியேடா" என்று தன் முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே முணுமுணுத்தார் மீஷா அண்ணன்.

கச்கின்தான் டிராக்டரை நகர்த்தினான். குன்றின் மேல் மண் இறுகிக் கிடந்தது. மாறி மாறி வெட்டினோம். மண்வெட்டியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. வெட்டியவர் தரையில் போட வேண்டும், அடுத்தவர் குனிந்து எடுக்க வேண்டும். சகினாலி அதை என் காலடியில் போட்டார். போட்டுவிட்டு நகராமல் நின்றார்.

"கடைசியா வேற ஏதாவது சொன்னானா?"

"மேல வாயைத் திறக்கக் கூடாதுன்னு முல்லா..."

"பிரசங்கமா கேக்கறேன்? என் தம்பி என்ன சொன்னான்னு கேக்கறேன்."

"வியாழக்கிழமை உங்க முறையாம். மேல்மடைப் பலகை உடைஞ்சிருக்காம், கல்லு வச்சு அடைக்கலைன்னா பாதித் தண்ணி ஓடையில போயிடும்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னார். அப்புறம் உங்க பேரைச் சொல்லி ஜெபம் பண்ணினார்."

"என் பேரையா?" ஓர் அடி கிட்டே வந்தார். "ஆறு வருஷமா நான் அவன்கூட ஒரு வார்த்தை பேசலடா."

"தெரியும்ணே. தினமும் பண்ணுவார்."

அவர் கீழே பள்ளத்தாக்கில் தெரிந்த வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் பக்கம் உடைஞ்சிருக்கு?" என்றார் கடைசியில்.

"இடப்பக்கம்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்தேன்.