பிப்ரவரியில் எழுதிய கடிதம்

மாரென் டோலெஃப்சன் அந்தத் திங்கட்கிழமை காலை நூலகத்துக்குப் போனது அடிக்குறிப்புகளைச் சரிபார்க்க மட்டும்தான். புதன்கிழமை பத்து மணிக்கு ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு. சனிக்கிழமை பட்டமளிப்பு. நெப்ராஸ்காவிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஒஹாயோவுக்குக் காரிலேயே வருகிறார்கள்.

அவள் படித்தது இடைக்கால, மறுமலர்ச்சிக் காலப் பண்பாடு. அந்தக் கல்லூரியில் அதற்கென்று தனித் துறை கிடையாது. வரலாறு, ஓவியம், இத்தாலிய மொழி என்று மூன்று துறை வாசலிலும் நான்கு வருடம் மாறி மாறி நின்று படிக்க வேண்டிய படிப்பு. வழிகாட்டிகளும் மூன்று பேர்.

ஆய்வு, ஃபிளாரன்ஸ் மடத்துக் கன்னியாஸ்திரி ஒர்சோலாவைப் பற்றியது. மடத்துக்காக வரையும் படத்தில் புனிதையின் கையில் புத்தகம் இருக்கட்டும் என்று ஓவியருக்கு அவர் எழுதிய கடிதத்தில் 1492 பிப்ரவரி என்று தேதி. மடத்துப் பெரியவர்கள் ஓவியருடன் ஒப்பந்தம் போட்டது அதே ஆண்டு அக்டோபரில். எனவே படத்தின் யோசனையே ஒர்சோலாவுடையது என்பது மாரெனின் வாதம். ஒன்றுதான் உதைத்தது. ஒப்பந்தத்தில் புத்தகம் இல்லை, லில்லிப் பூ இருந்தது. படத்தில் இருப்பதோ புத்தகம். எழுத்தரின் கைத்தவறு என்று ஒன்றரைப் பக்க அடிக்குறிப்பில் அதைச் சமாளித்திருந்தாள்.

ஒரு பெயரைச் சரிபார்க்க மடத்து இறப்புப் பதிவேட்டின் நகலைப் புரட்டினாள். 1492 டிசம்பரில் ஒரு சாவு. அடுத்த வரி 1492 ஜனவரி. அதற்கடுத்தது 1492 பிப்ரவரி. மார்ச் இருபத்தைந்துக்குப் பிறகுதான் 1493 வந்தது.

கடிதத்தின் நகலை எடுத்துத் தேதியை மறுபடி பார்த்தாள். ஃபிளாரன்ஸ்காரர்களுக்கு அன்று மார்ச் இருபத்தைந்துதான் புத்தாண்டு. முதலாண்டுத் தேர்வில் அவளே எழுதி மதிப்பெண் வாங்கிய சங்கதி! நம் கணக்கில் அது 1493 பிப்ரவரிக் கடிதம்; ஒப்பந்தத்துக்கு முன்னால் வந்ததல்ல, நான்கு மாதம் பின்னால் வந்தது. இரண்டாவது அத்தியாயத்தின் முப்பது பக்கமும் காலி.

மூன்று பேராசிரியர்களும் இதைக் கவனிக்கவில்லை. தேதியை வரலாற்றுக்காரர் பார்த்திருப்பார் என்று மற்ற இருவரும், கடிதம் இத்தாலியக்காரர் பாடு என்று வரலாற்றுக்காரரும் விட்டிருக்க வேண்டும். படித்தவர்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் லட்சணம் அது.

மதியம் உணவுக் கூடத்தில் அறைத்தோழி டெசாவிடம் சொன்னாள்.

"லூசாடி நீ? மூணு ப்ரொஃபசர் கண்ணுலயே படல. வாய மூடிக்கிட்டு பாஸ் பண்ணிட்டு வா."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

"உங்கப்பா கடையப் பூட்டிட்டு ரெண்டு நாள் வண்டி ஓட்டிட்டு வர்றாரு. நீ மேடை ஏறலைன்னா அவர் முகத்துல எப்படி முழிப்ப?"

மாரெனுக்குப் பயமாகத்தான் இருந்தது. தக்காளி சூப் ஆறிப்போனது. பையிலிருந்த தாள்களை எடுத்துப் புது வரிசையில் அடுக்கினாள். ஒப்பந்தம் முதலில், கடிதம் அடுத்து, படம் கடைசியில். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவள் தட்டைக்கூட எடுத்துவைக்காமல் நூலகத்துக்கு ஓடினாள்.

புதன்கிழமை அவர்கள் கேள்வி கேட்கும் முன்பே அவள் ஆரம்பித்தாள். "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். என் ரெண்டாவது அத்தியாயம் தப்பு."

தேதிக் கணக்கைச் சொல்லி முடித்தபோது வரலாற்றுப் பேராசிரியர் வில்காக்ஸின் முகம் சிவந்திருந்தது. "நான்ல பாத்திருக்கணும்" என்றார்.

"நீங்க பாத்திருப்பீங்கன்னுதான் நான் நெனச்சேன்" என்றார் ஓவியத் துறையின் அப்ருஸ்ஸோ அம்மையார். இத்தாலியப் பேராசிரியர் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"சரி, இப்ப மிச்சம் என்ன இருக்கு?" என்றார் வில்காக்ஸ்.

"லில்லின்னு மேலிடத்துல முடிவாகி ஒப்பந்தத்துல கையெழுத்தும் ஆயிடுச்சு. நாலு மாசம் கழிச்சு ஒர்சோலா புத்தகம்தான் வேணும்னு எழுதறாங்க. ஓவியர் புத்தகத்த வரையறாரு. யோசனை சொன்னவங்க இல்ல அவங்க. பெரியவங்க போட்ட ஒப்பந்தத்தையே மாத்த வச்சவங்க."

அவளை வெளியே அனுப்பி, இருபது நிமிடம் கழித்துக் கூப்பிட்டார்கள்.

"எழுதினத விட நீ இப்ப சொன்னது நல்லாருக்கு" என்றார் வில்காக்ஸ். "ஆனா எழுதினதுக்குத்தான் மார்க் போட முடியும். திருத்தி ஆகஸ்ட்ல குடு."

"பட்டமளிப்புப் பட்டியல வெள்ளிக்கிழமை மத்தியானம்தான மூடறாங்க? அதுக்கு முன்னாடி குடுத்தா?"

"முப்பது பக்கம், மாரென்!"

"நாளைக்குச் சாயங்காலம் உங்க மேசையில இருக்கும். மூணு பேரும் முழுசாப் படிப்பீங்களா?"

அப்ருஸ்ஸோ சிரித்துவிட்டார். படிக்கிறோம் என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

வாசல்வரை வந்த வில்காக்ஸ் குரலைத் தணித்தார். "நீ வாயத் திறக்காம இருந்திருந்தா இன்னிக்கே பாஸ் போட்டிருப்போம்."

"தெரியும் ப்ரொஃபசர்."

"பின்ன ஏன்?"

"அந்தம்மா போராடி ஜெயிச்சத நான் யாரோ எழுத்தர் பண்ண தப்புன்னு எழுதி வச்சிருந்தேன். அதுல என் பேரப் போட்டுக்கிட்டு மேடை ஏறச் சொல்றீங்களா?"

வில்காக்ஸ் கதவைத் திறந்து பிடித்தார். அவள் பையை மாட்டிக்கொண்டு நூலகத்தைப் பார்த்து நடந்தாள்.