எண்ணெய்த் துணி

காலையில் எழுந்து பல் தேய்த்து, கட்டன் சாயா குடித்துவிட்டு ஒரு படம் வரைகிறேன். குளிர்காலம் முடியும்வரை தினம் ஒரு ஆயில் பெயிண்டிங் என்பது என் மனைவி ஜெப்சி எடுத்துக்கொண்ட சவால். முதல் வாரமே, பெயிண்ட் வாங்கக் குழித்துறைக்கு ஸ்கூட்டரில் போனவள் லாரி மோதி இறந்துவிட்டாள். மீதியை நான் வரைகிறேன். பிரஷ் துடைத்த துணிகளை அவள் அறையிலிருக்கும் வாளியில் திணித்து வைக்கிறேன்.

இன்று திணித்தபோது வாளியின் அடியில் சூடு தெரிந்தது. யாரோ இப்போதுதான் எழுந்துபோன பாயைப் போல இருந்தது. லேசாகப் புகை வாடையும் வந்தது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

அன்று ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே அவள் சொன்னாள்: “எண்ணெய்த் துணியச் சுருட்டி வைக்காதீங்க, தானே தீப்பிடிச்சிரும். வெளிய விரிச்சுப் போடுங்க, கேட்டியளா? மறந்திருவிய நீங்க.”