தூங்காமல் வரச் சொன்ன டாக்டர்

இப்போதெல்லாம் ஒருத்தர் விழுந்தால், தூக்க வருகிறவன்கூட முதலில் திரும்பிப் பார்க்கிறான், முதலாளி பார்க்கிறாரா என்று. த்தூ! என்ன பிறவிகளோ.

மலேசியாவில், கிள்ளான் கையுறைத் தொழிற்சாலையில் நான் பாய்லர்காரன். எண்பத்தெட்டில் ஆர்டர் குவிந்தது. ஒருநாள் விடிந்துகொண்டிருந்தது, பெண்களுக்கு இரவு ஷிப்ட் முடியவில்லை. ரப்பர் பாலில் முங்கி, என் பாய்லர் நீராவியில் சூடாகும் அடுப்பில் வெந்து, சங்கிலியில் தொங்கி வரும் பீங்கான் கைகளிலிருந்து கையுறையை உரித்துக்கொண்டே இருந்தார்கள். அமோனியா கண்ணைக் கரித்தது. எல்லோருக்கும் விரல் நுனி வெந்து ரேகை அழிந்திருக்கும்.

பெர்னடெட் சரிந்தாள். சின்னப் பெண். கை கால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை. சூட்டுப் பீங்கானில் பட்டு முழங்கைத் தோல் வழன்றது. இரும்பைக் கையில் கொடுக்கச் சாவிக்கொத்து தேடி நாலைந்து பேர் ஓடினார்கள். சங்கிலியை நிறுத்த ஆளில்லை. பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்த மாரியாயிதான் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தாள்.

"யாரைக் கேட்டு நிறுத்தின?" மானேஜர் ராதாகிருஷ்ணன் கேட்ட முதல் கேள்வி அதுதான். விழுந்தவளைப் பார்த்து, "நாடகம். நிஜமா வலிப்புன்னா மூளையைச் சோதிச்சு ரிப்போர்ட் கொண்டா" என்றான்.

பெர்னடெட்டைக் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். தலையில் வயர்களை ஒட்டுவார்களாம், மூளையில் ஓடும் அலையை மெஷின் தாளில் கோடுகோடாக எழுதுமாம். பெரிய டாக்டர் முன்னால் பரட்டைத் தலையாகப் போகலாமா என்று அவள் அம்மா மகதலேனா தேங்காயெண்ணெயை வழியவழியத் தேய்த்து, இறுக்கிச் சடை பின்னி அனுப்பினாள். பசை பிடிக்கவில்லை. வயர் வழுக்கி வழுக்கி விழுந்தது. கோடுகள் கண்டபடி கிறுக்கின. ஒன்றும் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

"ஒண்ணும் தெரியலைன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்" என்றான் மானேஜர். "நடிச்சிருக்கா. நாளையிலேருந்து வர வேணாம்."

"தெரிஞ்சிருந்தா?" என்றேன்.

"அப்பவும் வேலை இல்லை அங்கிள். வலிப்புக்காரிய மெஷின்ல நிறுத்த முடியுமா?"

கூசாமல் சொன்னான்.

டாக்டர் சொன்னதை மறுநாள் கம்பெனி கேட்டுக்கு வெளியே இருந்த குழாயடியில் பெர்னடெட் எங்களிடம் சொன்னாள். "மறுபடியும் சோதிக்கணுமாம். எண்ணெய் இல்லாம தலை முழுகிட்டு, ராத்திரி தூங்காம வரணுமாம். தூக்கம் கெட்ட மூளையிலதான் வலிப்பு நல்லாத் தெரியுமாம். தெரியலைன்னாலும் வலிப்பு இல்லைன்னு ஆயிடாதாம்."

மாரியாயி சிரித்தாள். "தூங்காமலா? அதுக்கு எதுக்கு மெனக்கெடணும்? நம்ம கம்பெனியில ரெண்டு ஷிப்ட் போட்டா போதும் லா!"

எல்லோரும் சிரித்தார்கள். சட்டென்று சிரிப்பு நின்றது. அந்த மாதம் முழுக்கப் பெர்னடெட்டுக்கு இரட்டை ஷிப்ட் போட்டவன் யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

"தூக்கம் கெட்டா இழுப்பு கூடும்னும் டாக்டர் சொன்னாரு" என்றாள் பெர்னடெட், தலையைக் குனிந்துகொண்டு.

சோதனைக்கு முந்தின ராத்திரி பெண்கள் முறைபோட்டுப் பேசி அவளைக் கண்மூட விடாமல் வைத்திருந்தார்கள். காலையில் கம்பெனி கேட்டுக்கு வெளியே, அதே குழாயடியில் உட்காரவைத்து, சவர்க்காரம் போட்டு முடியை அலசினார்கள். மகதலேனா துண்டோடு நின்று அழுதாள். தாயையும் மகளையும் பஸ் ஏற்றிவிட்டு வந்து, கேட்டை மறித்து உட்கார்ந்தார்கள்.

"ஷிப்ட் தொடங்கியாச்சு! இன்னும் என்ன?" மானேஜர் காரிலிருந்தே கத்தினான்.

"போனவ தலை காயட்டும் பாஸ்" என்றாள் மாரியாயி. "அவளுக்குப் பேக்கிங்ல வேலை. யாருக்கும் ரெண்டாவது ஷிப்ட் கிடையாது. சரின்னு சொல்லுங்க, உள்ள வரோம்."

"அந்தத் தாளை நம்பியா உக்காந்திருக்கே?" என்று அவளிடம் கேட்டேன். "அதுல என்ன எழுதியிருந்தாலும் இவன் அவளை வெளியதான் தள்ளுவான்."

"தாள் என்னவாவது சொல்லட்டும் தம்புசாமி அண்ணே. விழுந்ததை நாங்க பாத்தோம்ல."

மானேஜர் என் தோளில் கை போட்டான். "அங்கிள், நீங்க பெரியவரு. ஸ்டீமைத் திறங்க. லோரியில வேற ஆள் கொண்டாறேன்."

கையைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். நெருப்பை அணைத்தேன். அழுத்தம் காட்டும் முள் கீழே இறங்கும்வரை காத்திருந்து, நீராவியைத் திறக்கும் வால்வுச் சக்கரத்தைக் கழற்றினேன். வெளியே வந்து, இன்னும் சூடாக இருந்த அதை மாரியாயி பக்கத்தில் வைத்தேன். அவள் முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"ஜெயிக்க மாட்டீங்க" என்றேன்.

"சரி. நாளைக்கு வருவீங்கல்ல?"

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். மானேஜர் திருந்துவான் என்று நான் நம்பவில்லை, அந்த மெஷினையும் நம்பவில்லை. சாலை முனையில் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.